தூசிக்குள் ஒரு கையெழுத்து

1994-இல் டிஸ்னி வெளியிட்ட 'தி லயன் கிங்' படத்தில், வளர்ந்த சிம்பா மனம் கசந்து ஒரு பாறை விளிம்பில் தொப்பென்று விழும் இடம் வரும். விழுந்த வேகத்தில் தூசியும் சருகும் கிளம்பி, இரவு வானத்தில் சுழன்று கரையும். சில நொடிகள்தான். வீட்டில் வீடியோ கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள் அந்தத் தூசியில் மூன்று ஆங்கில எழுத்துகள் தெரிவதாகச் சொல்ல, 1995-இல் அமெரிக்காவில் அது பெரிய விவகாரமாகிவிட்டது. குழந்தைகள் படத்துக்குள் பாலுறவைக் குறிக்கும் சொல்லை ஒளித்து வைத்துவிட்டார்கள் என்று மத அமைப்பு ஒன்று புகார் கிளப்பியது. படத்தில் வேலை செய்த அனிமேஷன் கலைஞர்கள் தந்த விளக்கம் வேறு. நடுவில் இருப்பது 'இ' அல்ல, 'எஃப்'. மூன்றையும் சேர்த்துப் படித்தால் 'எஸ்எஃப்எக்ஸ்'. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் பிரிவினர் தங்கள் பிரிவின் பெயரைத் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் எந்த எழுத்தும் தெரியாதபடி அந்தத் தூசி திருத்தப்பட்டது.

இதைப் பலரும் ஒரு துணுக்குச் செய்தியாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தப் பிரிவினர் செய்த வேலை. கையால் வரையும் அனிமேஷனில் கதாபாத்திரங்களைத் தவிர அசைவன எல்லாம் அவர்கள் பொறுப்பு: மழை, புகை, தீ, நீர்த்தெறிப்பு, நிழல், புழுதி. சிம்பாவை வரைந்தவரைப் பேட்டி காண்பார்கள். சிம்பாவின் காலடியில் எழும் புழுதியை வரைந்தவரைத் தேடி யாரும் போவதில்லை. அப்படிப்பட்டவர்கள் தங்களைக் குறித்துவைக்கத் தேர்ந்தெடுத்த இடம் அவர்களே வரைந்த அந்தப் புழுதி.

படங்களுக்குள் ஒளிந்திருக்கும் குறிப்புகளை 'ஈஸ்டர் முட்டை' என்று அழைக்கும் வழக்கம் இப்போது தமிழ் ரசிகர்களிடமும் வந்துவிட்டது. ஒரு படம் வெளியான அன்று மாலைக்குள் 'நீங்கள் கவனிக்காமல் விட்டவை' என்று காணொளிகள் குவிகின்றன. அவற்றில் சொல்லப்படும் எல்லாமே இயக்குநரின் மூளையில் உதித்தவையாகவே விளக்கப்படுகின்றன. ஆனால் இந்தப் பழக்கத்தின் வரலாற்றைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால் அது வேறொரு இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. பெயர் போட மறுக்கப்பட்டவர்கள், பெயர் போட்டும் கண்ணில் படாதவர்கள், தாங்கள் இங்கே வேலை செய்தோம் என்று பதித்துவிட்டுப் போன அடையாளங்களே இவற்றில் மிக நல்லவை. இவற்றைத் தொழிலாளர் வரலாற்றின் ஆவணங்களாகப் படிக்க வேண்டும் என்பது என் வாதம்.

ஈஸ்டர் முட்டை என்ற பெயரே சினிமாவிலிருந்து வந்ததல்ல, வீடியோ விளையாட்டிலிருந்து வந்தது. 1970-களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் அட்டாரி நிறுவனத்தில் வாரன் ராபினெட் என்ற இளைஞர் 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டைத் தன்னந்தனியாக உருவாக்கினார். கருத்து, வடிவம், நிரல், ஒலி எல்லாம் அவர் ஒருவரே. அட்டாரியோ தன் விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயரை அட்டைப்பெட்டியில்கூடப் போடாது. விற்பனையில் பங்கும் கிடையாது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனங்கள் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும், சம்பளப் பேரம் கூடும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. இதில் மனம் வெறுத்த நான்கு பேர் 1979-இல் வெளியேறி 'ஆக்டிவிஷன்' நிறுவனத்தைத் தொடங்கியபோது, எழுதியவரின் பெயரைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டார்கள்.

ராபினெட் வேறு வழியில் போனார். விளையாட்டின் ஒரு மூலையில், பின்னணியின் நிறத்திலேயே ஒரேயொரு புள்ளியை வைத்தார். அதைக் கண்டெடுத்துக் குறிப்பிட்ட இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் சுவர் வழிவிடும். உள்ளே ஓர் அறை. அறையின் நடுவே மேலிருந்து கீழாக 'இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட்' என்ற பொருளில் ஒளிரும் எழுத்துகள். மொத்த விளையாட்டுக்கே 4 கிலோபைட் இடம்தான் இருந்தது. நிறுவனத்தில் யாரிடமும் சொல்லாமல், அந்தச் சிறு இடத்தில் ஒரு பகுதியைத் தன் பெயருக்காக ஒதுக்கியிருக்கிறார். பிறகு வேலையை விட்டும் போய்விட்டார். யூட்டா மாநிலத்துச் சிறுவன் ஒருவன் அந்த அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. சில்லுகளை மாற்றி அச்சடிப்பது பெரும் செலவு என்பதால் அதை அப்படியே விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஈஸ்டர் நாளில் குழந்தைகள் தேடிக் கண்டெடுக்க முட்டைகளை ஒளித்துவைப்பது போல இனி வேண்டுமென்றே இப்படி வைக்கலாம் என்று சொன்னவர் அங்கே மேலாளராக இருந்த ஸ்டீவ் ரைட். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இதற்கு முன்னும் இப்படிச் சில நடந்திருக்கின்றன. 1977-இன் 'ஸ்டார்ஷிப் 1' விளையாட்டில் ஒளிந்திருந்த வாழ்த்து ஒன்று 40 ஆண்டுகள் கழித்து 2017-இல்தான் வெளிப்பட்டது. ஆனாலும் பெயர் கிடைத்ததும், காரணம் துலக்கமாகத் தெரிவதும் ராபினெட்டின் அறையில்தான்.

இந்தக் கதைக்குச் சினிமாவில் ஒரு தொடர்ச்சி உண்டு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ரெடி பிளேயர் ஒன்' (2018) படத்தின் கடைசிப் போட்டியே 'அட்வென்ச்சர்' விளையாட்டை ஆடி ராபினெட்டின் பெயரைக் கண்டுபிடிப்பதுதான். ஜெயிப்பது முக்கியமல்ல, செய்தவனைத் தேடிப் போவதே முக்கியம் என்பதைக் கதாநாயகன் புரிந்துகொள்ளும் இடம் அது. படத்தை வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ். ராபினெட் அட்டாரியில் பெயரில்லாமல் வேலை பார்த்த நாட்களில் அந்த நிறுவனத்தின் உரிமையாளராக இருந்தது வார்னர் கம்யூனிகேஷன்ஸ், 1976-இல் வாங்கியிருந்தார்கள். வார்னர் பிரதர்ஸ் அதே குழுமத்தின் திரைப்படக் கிளை. ஒரு குழுமம் போட மறுத்த பெயரே, ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் அதன் கோடிக்கணக்கான டாலர் படத்துக்குக் கதை முடிச்சாக உதவியிருக்கிறது.

படைப்புக்குள் படைத்தவர் பெயரை வைப்பது நமக்குப் பழகிய மரபு. திருஞானசம்பந்தர் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம் பெயரைச் சொல்லி முடிப்பார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் 'குருகுஹ' என்ற முத்திரை வந்தே தீரும். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் பெருந்தச்சனின் பெயர் இருக்கிறது. அங்கெல்லாம் பெயர் வைப்பதற்கு வழக்கம் இடம் கொடுத்தது, அரசன் இடம் கொடுத்தான். ராபினெட்டும் தூசி வரைந்தவர்களும் அந்த இடத்தைத் திருடித்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

எல்லா ஒளிவு முத்திரைகளும் மனக்குறையில் பிறந்தவை அல்ல. பிக்ஸார் படங்களில் மீண்டும் மீண்டும் வரும் 'ஏ113' அப்படிப்பட்டது. கலிஃபோர்னியா கலைக் கல்லூரியான கால்ஆர்ட்ஸில் 1970-களில் தொடங்கிய கதாபாத்திர அனிமேஷன் பாடப்பிரிவின் வகுப்பறை எண் அது. ஜான் லாசெட்டர், பிராட் பேர்ட், டிம் பர்ட்டன் எல்லாரும் அந்தப் பாடப்பிரிவில் படித்தவர்கள். முதலில் அந்த எண்ணைப் படத்துக்குள் கொண்டுவந்தவர் பிராட் பேர்ட். 1987-இல் தொலைக்காட்சிக்காகச் செய்த 'ஃபேமிலி டாக்' படத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட்டில் வைத்தார். 'டாய் ஸ்டோரி'யில் (1995) ஆண்டியின் அம்மா ஓட்டும் காருக்கும் அதே எண். 'வால்-ஈ' (2008) படத்தில் விண்கலத்தின் தானியங்கிச் சுக்கான் மனிதர்களைப் பூமிக்குத் திரும்பவிடாமல் தடுக்கிறதே, அதற்குக் கிடைத்த ரகசிய உத்தரவின் எண்ணும் ஏ113தான். அந்த ஓரிடத்தில் மட்டும் நண்பர்களின் அடையாளம் கதையின் மையத்துக்கே வந்துவிட்டது.

'பிரேவ்' (2012) படத்தில் அது சூனியக்காரியின் குடிசை வாசலுக்கு மேலே ரோமன் எண்களாகச் செதுக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு பிரெண்டா சாப்மன் நினைவு வரும். பிக்ஸாரின் முழுநீளப் படம் ஒன்றை இயக்கும் பொறுப்பைப் பெற்ற முதல் பெண் அவர். அவரும் கால்ஆர்ட்ஸில் படித்தவர். தாய்க்கும் மகளுக்குமான அந்தக் கதை, தன் மகளோடு தனக்கு இருந்த உறவிலிருந்து பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். படம் பாதி வளர்ந்திருந்தபோது, 2010-இல், அவரை நீக்கிவிட்டு மார்க் ஆண்ட்ரூஸை அமர்த்தினார்கள். டைட்டிலில் இருவர் பெயரும் வந்தது. வகுப்பறை எண்ணை வாசலில் செதுக்கி வைத்த அதே படத்தில், அந்த வகுப்பின் வழியே வந்த ஒருவர் தன் கதையின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார். ஏ113 என்பதை வெறும் தோழமைச் சின்னமாக மட்டும் என்னால் பார்க்க முடியாமல் போனதற்கு இது காரணம். எந்தக் குழுவால் தன்னைப் படத்துக்குள் எழுதிக்கொள்ள முடிகிறது என்பதும் அதிகாரத்தைப் பொறுத்ததே.

2013 பிப்ரவரி 24-ஆம் தேதி ஆஸ்கர் விழாவில் சாப்மனும் ஆண்ட்ரூஸும் சேர்ந்து மேடையேறி 'பிரேவ்' படத்துக்கான விருதைப் பெற்றுக்கொண்டார்கள். அதே மேடையில் அன்று நடந்த இன்னொன்றைத் தமிழ் வாசகர்கள் கூடுதல் அக்கறையோடு பார்க்கலாம். ஆங் லீயின் 'லைஃப் ஆஃப் பை' பாண்டிச்சேரியில் தொடங்கும் கதை. அங்கேயே சில காட்சிகள் எடுக்கப்பட்டன. பாம்பே ஜெயஸ்ரீ பாடிய தமிழ்த் தாலாட்டு அந்த ஆண்டு சிறந்த பாடலுக்கான பரிந்துரைப் பட்டியலில் இருந்தது. படகில் பை என்ற சிறுவனோடு கடலைக் கடக்கும் புலி பெரும்பாலான காட்சிகளில் கணினியில் உருவானது. அதைச் செய்ததில் முதன்மைப் பங்கு ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனத்துக்கு. மும்பையிலும் ஹைதராபாத்திலும் அதற்குக் கிளைகள் இருந்தன. விழாவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்துவிட்டது. விருது வாங்க வந்த விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவுகள்) மேற்பார்வையாளர் பில் வெஸ்டன்ஹோஃபர் தன் நிறுவனத்தின் நெருக்கடியைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது 'ஜாஸ்' படத்தின் சுறா இசையை ஒலிக்கவிட்டார்கள்; மைக்கும் நின்றுபோனது. அரங்குக்கு வெளியே விஎஃப்எக்ஸ் கலைஞர்கள் அன்று ஊர்வலம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

நிறுவனம் மூழ்கியதற்குக் காரணம் தொழில் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு படத்துக்கான விஎஃப்எக்ஸ் வேலையைப் பல நிறுவனங்கள் மொத்தத் தொகை பேசி ஏலம்போல எடுக்கின்றன. ஒப்பந்தம் போட்ட பிறகு காட்சி எத்தனை முறை மாற்றப்பட்டாலும் தொகை பெரும்பாலும் மாறாது. எந்த நாடு வரிச்சலுகை தருகிறதோ அங்கே வேலை நகரும். நடிகர்கள், எழுத்தாளர்கள், இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள் எல்லாருக்கும் ஹாலிவுட்டில் பல பத்தாண்டுகளாகச் சங்கம் உண்டு. டைட்டிலில் பெயர் எங்கே, எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்பதுவரை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். விஎஃப்எக்ஸ் கலைஞர்களுக்கு அப்படியொன்று இருக்கவில்லை. ஆகவே பெரிய படங்களில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இத்தனை பெயர்தான் என்று ஓர் அளவு வகுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. மீதிப் பேர் விடுபடுவார்கள்.

2019-இல் 'தி லயன் கிங்' மறுபடி எடுக்கப்பட்டது, இம்முறை முழுக்கக் கணினியில். வெளியான சில நாட்களில் இயக்குநர் ஜான் ஃபாவ்ரோ ஒரு ரகசியத்தை அவிழ்த்தார். படத்தில் 1490 ஷாட்டுகள் கலைஞர்கள் கணினியில் உருவாக்கியவை. ஒரேயொரு ஷாட் மட்டும் ஆப்பிரிக்காவில் நிஜமாகவே படம்பிடித்தது. தொடக்கத்தில் வரும் சூரியோதயம்தான் அது. யாராவது கண்டுபிடிக்கிறார்களா பார்க்கலாம் என்று நுழைத்துவைத்தேன் என்றார். அழகான விளையாட்டு. ஒருவராலும் வித்தியாசம் காண முடியவில்லை என்பதே அந்த 1490 ஷாட்டுகளைச் செய்தவர்களுக்குப் பெரிய பாராட்டு. ஆனால் ஊடகங்களில் செய்தியாக ஓடியது அந்த ஒற்றை ஷாட். மற்றவற்றைச் செய்தது எம்பிசி நிறுவனம். அதன் பெங்களூரு கூடத்தில் இருந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. எம்பிசியின் தாய் நிறுவனமான டெக்னிகலர் 2025 பிப்ரவரியில் நிலைகுலைந்தது. 'தி லயன் கிங்'கின் முன்கதையாக எம்பிசி செய்த 'முஃபாசா' படம் திரைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெங்களூருவிலும் மும்பையிலும் இருந்த ஊழியர்கள் ஓரிரு நாளில் வேலை இழந்தார்கள்.

சமீபத்திய படங்களின் விளம்பரத்தில் இன்னொரு போக்கு வலுத்திருக்கிறது. 'கணினி வேலையே இல்லை, எல்லாம் நிஜம்' என்று சொல்வது. 'டாப் கன்: மேவரிக்' (2022) பற்றி அப்படித்தான் பேசப்பட்டது. நடிகர்கள் நிஜ விமானத்தில் ஏறி முடுக்க விசையில் முகம் கோணத் துடித்தது உண்மை. அதே சமயம் எதிரி விமானங்கள் வரும் பல காட்சிகளில் வேறு விமானத்தைப் பறக்கவிட்டு, அதன்மேல் கணினியில் இன்னொரு விமானத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். படத்தில் 2,000-க்கும் மேற்பட்ட விஎஃப்எக்ஸ் ஷாட்டுகள் உண்டு. அந்தப் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. முட்டை தேடுகிறவர்கள் கண்டுபிடித்துக் கொண்டாடியதோ 'டார்க்ஸ்டார்' விமானத்தின் வாலில் இருந்த ஸ்கங்க் விலங்கின் சின்னத்தை. அது லாக்ஹீட் மார்ட்டின் ஆயுத நிறுவனத்தின் ரகசிய வடிவமைப்புக் கூடமான ஸ்கங்க் ஒர்க்ஸின் சின்னம். விமானத்தை வடிவமைக்கத் துணை நின்றதற்கு அவர்களுக்குக் கிடைத்த முத்திரை. நிறுவனத்தின் சின்னத்தை ரசிகர்கள் பெயர் சொல்லி அடையாளம் கண்டார்கள். மேலே போர்த்திய விமானங்களைச் செய்தவர்கள் இல்லாதவர்களாகவே ஆனார்கள்.

கிறிஸ்டோபர் நோலனின் 'ஓப்பன்ஹைமர்' (2023) இதில் இன்னும் ஒரு படி முன்னே போனது. கணினியில் உருவாக்கிய ஷாட் எதுவும் இல்லை என்று நோலன் சொன்னது உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. அணுவெடிப்புக்காக உண்மையான வெடிகளையும் உலோகத் துகள்களையும் திரவங்களையும் படம்பிடித்தார்கள். கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்காகக் கோடக் நிறுவனம் புதிதாக 65 மில்லிமீட்டர் படச்சுருளே தயாரித்துக் கொடுத்தது. இந்தத் தகவல்களைத் திரும்பத் திரும்பப் படித்திருப்போம். படம்பிடித்த அந்தத் துணுக்குகளை அடுக்கி, இணைத்து, துடைத்து, ஒரே காட்சியாக மாற்றும் வேலை கணினியில்தான் நடந்தது. செய்தது டிநெக் நிறுவனம். அதில் பணியாற்றியவர்களில் பெரும்பாலோர் பெயர் டைட்டிலில் வரவில்லை என்று படம் வெளியான வாரத்திலேயே செய்தி வந்தது. டிநெக்குக்குச் சென்னையிலும் ஒரு கூடம் இருக்கிறது. நம் ஊர் இளைஞர்கள் ஹாலிவுட் படங்களின் பிரேம்களைத் துடைத்துச் சீராக்கும் அந்த அறைகளுக்கும், 'எல்லாம் நிஜம்' என்ற விளம்பரத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தை நாம்தான் முதலில் பேசியிருக்க வேண்டும்.

ஒலிப் பிரிவில் இதற்கு நேரெதிரான ஒரு கதை இருக்கிறது. 1951-இல் வந்த 'டிஸ்டன்ட் ட்ரம்ஸ்' படத்துக்காக, முதலை கடித்து ஒருவன் அலறும் ஒலியைப் பதிவு செய்தார்கள். ஸ்டுடியோவின் ஒலிக் கிடங்கில் போய்ச் சேர்ந்த அது பிறகு பல படங்களில் பயன்பட்டது. 1953-இல் வந்த ஒரு படத்தில் வில்ஹெல்ம் என்ற சிப்பாய் அம்பு பட்டு அதே குரலில் அலறுவான். இளம் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் இந்த அலறலைத் தேடிப்பிடித்து, அந்தச் சிப்பாயின் பெயரையே அதற்கு வைத்து, 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் சேர்த்தார். அவரும் நண்பர்களான ஒலித் தொகுப்பாளர்களும் படத்துக்குப் படம் அதை ஒளித்துவைக்க, நூற்றுக்கணக்கான படங்களில் அந்த ஒரே மனிதனின் குரல் ஒலித்துவிட்டது. பர்ட் அதோடு நிற்கவில்லை. அலறியவர் யார் என்று தேடினார். வார்னர் பிரதர்ஸ் கோப்புகளில், படப்பிடிப்புக்குப் பின் கூடுதல் குரல் பதிவுக்காக அழைக்கப்பட்டவர்களின் பட்டியல் கிடைத்தது. அதிலிருந்து, நடிகரும் பாடகருமான ஷெப் வூலி என்பவராக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். உறுதி என்று அவர் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்தான் என்றார். துணுக்கு வேட்டை ஆராய்ச்சியாக மாறும் இடம் என்று நான் இதைத்தான் காட்டுவேன்.

இந்த நிதானம் இல்லாததால் பொய்த் துணுக்குகள் ஏராளம். 1987-இன் 'த்ரீ மென் அண்ட் எ பேபி' படத்தில் ஜன்னல் திரைக்குப் பின்னே இறந்துபோன சிறுவனின் ஆவி நிற்கிறது, படம் எடுத்த வீட்டில் அவன் செத்தான் என்று ஒரு கதை பல வருடம் ஓடியது. வீடே கிடையாது, கனடாவின் டொரண்டோவில் போட்ட செட். நின்றது நடிகர் டெட் டான்சனின் அட்டை உருவம், வெட்டப்பட்ட ஒரு காட்சிக்காக வைத்த பிராப்பர்ட்டி. செட்டில் அட்டையை நிறுத்திய உதவியாளர் ஒருவரை விசாரித்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். வேலை செய்தவர்களைக் கேட்காமல் திரையை மட்டும் உற்றுப் பார்ப்பதால் வரும் கோளாறு இது.

2008-இல் 'அயர்ன் மேன்' படத்தின் பெயர்ப் பட்டியல் முடிந்தபின் நிக் ஃப்யூரி என்ற கதாபாத்திரம் வந்து நின்றதிலிருந்து, மார்வெல் ரசிகர்கள் கடைசிவரை இருக்கையில் உட்காரப் பழகினார்கள். அடுத்த படத்துக்கான விளம்பரமே அந்த ஒளிவுக் காட்சி என்பது உண்மைதான். ஆனால் சினிமா வரலாற்றில் இத்தனை கோடிப் பேர் ரோலிங் டைட்டிலின் முன் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததும் கிடையாது. அந்தப் பட்டியலில் ஓடிய பெயர்களுக்கு உரியவர்கள் நேர நெருக்கடியையும் ஓயாத திருத்தங்களையும் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 2023 செப்டம்பரில் மார்வெலின் நேரடி விஎஃப்எக்ஸ் ஊழியர்கள் சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள். வெளி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு, அதாவது லண்டனிலும் மும்பையிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்கு, அந்த வாக்கு செல்லாது. இருந்தாலும் அது ஒரு தொடக்கம்.

அதே ஆண்டு 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்வெர்ஸ்' படத்தில் லெகோ கட்டைகளால் ஆன உலகம் ஒன்று சிறிது நேரம் வந்து போகும். படத்தின் முன்னோட்டத்தை லெகோ வடிவில் வீட்டிலிருந்தே மறு உருவாக்கம் செய்து இணையத்தில் போட்டிருந்த கனடாவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவனைத் தயாரிப்பாளர்கள் தேடிப் பிடித்து, அந்தக் காட்சிக்காக வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பெயரும் போட்டார்கள். வெளியே நின்று பார்த்த ரசிகனை உள்ளே அழைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. அந்தப் படத்தில்தான் பணிச்சுமை தாங்காமல் ஏராளமான அனிமேஷன் கலைஞர்கள் பாதியில் விலகியதாகவும் செய்தி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தமிழில் ஒளிவுக் குறிப்புகளை வேறு காரணத்துக்காகக் கையாண்டவர் பா. ரஞ்சித். 'கபாலி' (2016) தொடக்கத்தில் சிறையில் ரஜினிகாந்த் படித்துக்கொண்டிருப்பது ஒய்.பி. சத்தியநாராயணாவின் 'மை ஃபாதர் பாலையா'. தெலங்கானாவின் தலித் குடும்பம் ஒன்று மூன்று தலைமுறையாகப் படிப்பால் மேலேறிய வரலாறு. 'காலா' (2018) படத்தில் மேசைமேல் புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' இருக்கும். 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடை செய்யப்பட்டு, 1971-இல் தடை நீங்கிய நூல். காலா உட்கார்ந்திருக்கும் ஜீப்பின் எண் 'பிஆர் 1956' என்று முடியும். பீமாராவ் ராம்ஜி அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியதும் மறைந்ததும் அந்த ஆண்டில்தான். பிராட் பேர்டின் நம்பர் பிளேட் வகுப்புத் தோழர்களுக்குக் கண் காட்டுவது, தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்வார்கள். ரஞ்சித்தின் நம்பர் பிளேட் எல்லாரும் படிக்க வேண்டும் என்று வைத்தது. உச்ச நட்சத்திரத்தின் படத்தில் மேசைக்கு மேலே எந்தப் புத்தகம் இருந்தது என்று அதற்கு முன் யாரும் தேடிப் பார்த்ததில்லை. படங்களுக்குப் பிறகு அந்த இரண்டு நூல்களும் வாசகர்களின் பேச்சுக்குள் வந்தன. சட்டகத்துக்குள் இடமே தரப்படாத ஒரு வரலாற்றுக்கு அவர் இடம் எடுத்துக் கொடுத்தார் என்பதால், தன் பெயரை வைத்தவர்களைவிட அவர் செய்ததை நான் உயர்வாக மதிக்கிறேன்.

அங்கும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். 'காலா' குறியீடுகளைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளில் ரஞ்சித்தின் பெயர் வராத பத்தி இல்லை. கலை இயக்குநர் டி. ராமலிங்கத்தின் பெயர் வரும் பத்தியைத் தேட வேண்டும். தாராவியின் சந்துகளை அவர் குழுவினர் சென்னையில் செட்டாகப் போட்டார்கள். நம்பர் பிளேட்டில் எழுத்து வரைந்ததும், பழைய பதிப்புப் போலத் தெரியும் புத்தகத்தைத் தேடிக்கொண்டு வந்து கேமராவுக்கு ஏற்ற கோணத்தில் சாய்த்து வைத்ததும் ஆர்ட் டிபார்ட்மெண்ட் கைகள்.

லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' (2022) படத்தில் 1986-இன் 'விக்ரம்' எங்கே எட்டிப் பார்க்கிறது, 'கைதி' எங்கே இணைகிறது என்று ரசிகர்கள் போட்ட வரைபடங்கள் கணக்கில்லாதவை. அந்த விளையாட்டில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அடுத்த டிக்கெட்டை விற்பதற்காக வைத்த இணைப்புகள் அவை. ஆனால் அதே படத்தில் 'சக்கு சக்கு வத்திக்குச்சி' ஒலித்ததும் நடந்தது வேறு. 1995-இல் வந்த 'அசுரன்' படத்தின் பாட்டு அது. பெயரைக் கேட்டு 2019-இன் வெற்றிமாறன் படத்தில் தேடியவர்கள் உண்டு. இசை ஆதித்யன். 'அமரன்', 'சீவலப்பேரி பாண்டி' படங்களுக்கு இசையமைத்த, இளையராஜாவும் ரஹ்மானும் நிறைந்திருந்த காலத்தில் வெளிச்சம் குறைவாகவே கிடைத்த ஒருவர். 2017-இல் காலமாகிவிட்டார். 27 ஆண்டு பழைய பாட்டைக் கேட்டு எழுந்து ஆடிய இளைஞர்களில் சிலர் 'யார் போட்டது இது?' என்று தேடி அவருடைய மற்றப் பாட்டுகளுக்கும் போனார்கள். துணுக்கு எழுதுகிறவர்கள் 'லோகேஷ் பழைய பாட்டை அட்டகாசமாகப் பயன்படுத்தியிருக்கிறார்' என்ற வரியோடு நிறுத்தியிருந்த இடத்தில், ஆதித்யன் என்ற பெயரைப் போட்டு நிரப்பியவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்ட ரசிகர்கள்.